பூச்சிப் படம் எதைக் காட்ட வேண்டும்?



காமிராவோடு வந்திருக்கும் இளைஞர்கள், பயிர்ப் பூச்சியோடு தினமும் மல்லுக்கு நிற்கும் விவசாயிகள், பள்ளி ஆசிரியர்கள் என்று மூன்று தரப்பினர் இந்த அரங்கில் உட்கார்ந்திருக்கிறீர்கள். மூவருக்கும் பொதுவான ஒரே ஒரு விஷயத்தை இன்று பேசப் போகிறேன். பூச்சியைக் கண்டதும் படம் எடுத்துவிடுகிறோம். வீட்டுக்கு வந்து, படத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, இது என்ன பூச்சி என்று தேடத் தொடங்குகிறோம். இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும் என்பது என் கட்சி. ஒரு பூச்சியை அதன் நெருங்கிய உறவுகளிலிருந்து பிரித்துக் காட்டும் அடையாளம் அதன் உடம்பில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அது தெரிந்தவருக்கு, காமிராவை எந்தப் பக்கம் கொண்டுபோவது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தெரியாதவர் கையில் எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸ் இருந்தாலும் அழகான படம் கிடைக்கும், பெயர் கிடைக்காது.

வீட்டுக் கொல்லையிலிருந்தே தொடங்குகிறேன். கறிவேப்பிலைச் செடியிலும் எலுமிச்சையிலும் முட்டையிடும் காமன் மார்மன் என்ற வண்ணத்துப்பூச்சியை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். ஆண் கறுப்பு, பின்னிறகின் குறுக்கே வெள்ளைப் புள்ளிகள் வரிசையாக ஓடும். பெண்களில் மட்டும் மூன்று வகை உண்டு. ஒரு வகை ஆணைப் போலவே இருக்கும். இன்னொரு வகைக்குப் பின்னிறகில் வெள்ளைத் திட்டும் சிவப்புப் பொட்டுகளும் இருக்கும். அது அப்படியே காமன் ரோஸ் என்ற வேறொரு வண்ணத்துப்பூச்சியின் சாயல். மூன்றாவது வகை கிரிம்சன் ரோஸின் சாயல்: முன்னிறகில் வெள்ளைப் பட்டைகள், பின்னிறகில் சிவப்பு. இந்த இரண்டு ரோஸ்களின் புழுக்களும் ஆடுதீண்டாப்பாளையையும் ஈசுவரமூலியையும் தின்று வளர்பவை. அந்தச் செடிகளின் நஞ்சு உடம்பில் தங்கிவிடுவதால், ஒருமுறை கடித்துப் பார்த்த பறவை மறுபடி அந்தப் பக்கம் போகாது. மார்மனுக்கு அந்த நஞ்சு கிடையாது. நஞ்சுள்ளவளின் உடையைப் போட்டுக்கொண்டு அது தப்பித்துக்கொள்கிறது.

ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் 1865-லேயே இந்த வேடத்தை ஆராய்ந்து எழுதினார். ஒரே தாய் வயிற்றுப் பெண்கள் எப்படி இத்தனை உருவத்தில் பிறக்கிறார்கள் என்ற கேள்வி அதற்குப் பிறகு ஒன்றரை நூற்றாண்டு நின்றது. 2014-இல் கிருஷ்ணமேக் குண்டேயும் அவருடன் சேர்ந்து ஆராய்ந்தவர்களும் விடையைக் கண்டார்கள். பூச்சியின் ஆண் பெண் தன்மையைத் தீர்மானிக்கும் ‘டபிள்செக்ஸ்’ என்ற ஒற்றை மரபணுதான் இந்த வேடத்தையும் ஆட்டுவிக்கிறது என்பதே அந்த விடை. ஒரு கறிவேப்பிலைச் செடியைச் சுற்றி நடக்கும் சங்கதி இது.

வேடம் இவ்வளவு கச்சிதமாக இருக்கும்போது களத்தில் எப்படிப் பிரித்தறிவது? இறகைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஏமாறுவோம். உடம்பைப் பார்க்க வேண்டும். ரோஸ்களின் தலையிலும் மார்பின் பக்கங்களிலும் வயிற்றிலும் சிவப்பு இருக்கும். மார்மனின் உடம்பு கறுப்பு. வேடம் இறகோடு நின்றுவிட்டது, உடம்புக்கு வரவில்லை. இப்போது காமிராவை நினைத்துப் பாருங்கள். விரித்த இறகின் அழகில் மயங்கி நேர் மேலிருந்து எடுத்தால், வயிற்றின் அடியிலும் பக்கத்திலும் உள்ள சிவப்பு பெரும்பாலும் மறைந்துபோகும். பூச்சி தேன் குடிக்கும்போது பக்கவாட்டில் இறங்கி, கண்ணுக்குச் சமமான உயரத்திலிருந்து எடுத்த படத்தில் கேள்விக்கே இடமில்லை. அடையாளம் இருக்கும் இடமே காமிரா நிற்க வேண்டிய இடத்தைச் சொல்லிவிட்டது. இன்று நான் சொல்ல வந்ததெல்லாம் இந்த ஓர் எடுத்துக்காட்டுக்குள் அடங்கும். ஆனாலும் பூச்சிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பாடம் நடத்துபவை. ஆகவே இன்னும் சிலவற்றைச் சொல்கிறேன்.

ஊருக்கு வெளியே நெருஞ்சியும் புளியாரையும் படர்ந்த தரிசு நிலத்தில், கணுக்கால் உயரத்துக்கு மேல் எழும்பாமல் பறக்கும் நீலச் சிறு பூச்சிகள் உண்டு. ரூபாய் நாணயத்தின் அகலந்தான் இருக்கும். அவற்றை ‘கிராஸ் புளூ’ என்று சொல்கிறோம். பேல், டார்க், லெஸ்ஸர், டைனி என நான்கு இனங்கள் நம் மண்ணில் கலந்து பறக்கின்றன. கடைசியாகச் சொன்ன டைனி இந்தியாவின் மிகச் சிறிய வண்ணத்துப்பூச்சிகளில் ஒன்று. இறகின் மேற்புறம் நான்குக்கும் ஏறத்தாழ ஒரே நீலம். அடையாளமெல்லாம் அடிப்புறத்தில் இருக்கிறது. முன்னிறகின் அடிப்புறத்தில், நடு அறைக்குள் ஒரு புள்ளி இருந்தால் அது பேல் அல்லது டார்க். அந்தப் புள்ளி இல்லாவிட்டால் லெஸ்ஸர் அல்லது டைனி. முன்னிறகின் மேல் விளிம்பை ஒட்டிக் குட்டிப் புள்ளிகள் தெரிந்தால் டைனி என்று துணியலாம். ஒரு குண்டூசித் தலையைவிடச் சிறிய புள்ளியில் பெயர் தொங்குகிறது. அந்தப் புள்ளி மங்கிய படத்தை எத்தனை பேர் பாராட்டினாலும், அதை வைத்துப் பெயர் சொல்ல யாராலும் முடியாது.

இந்தப் புள்ளியைத் துல்லியமாகப் பிடிப்பதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. பொருளை அதன் நிஜ அளவிலேயே காமிராவின் உணரியில் விழச் செய்யும் நெருக்கத்துக்குப் போகும்போது, துல்லியமாகத் தெரியும் ஆழம் மிகவும் சுருங்கிவிடும். முழுச் சட்டக் காமிராவில் துளையை எஃப் 11 என்று வைத்தால்கூட அந்த ஆழம் ஒன்றரை மில்லிமீட்டரைத் தாண்டாது. துளையை இன்னும் குறுக்கி எஃப் 22-க்குக் கொண்டுபோனால் ஆழம் சற்றுக் கூடும்; ஆனால் ஒளி விளிம்பில் சிதறிப் படம் முழுவதும் மழுங்கும். நிறையப் பேர் இந்த இடத்தில் புதிய கருவி தேடிக் கடைக்கு ஓடுகிறார்கள். தீர்வு கருவியில் இல்லை, கோணத்தில் இருக்கிறது. மூடிய இறகு ஏறக்குறைய ஒரு தட்டையான தளம். காமிராவின் பின்புறத்தை அந்தத் தளத்துக்கு இணையாகப் பிடித்தால், இறகின் எல்லாப் புள்ளிகளும் அந்த ஒன்றரை மில்லிமீட்டருக்குள் வந்து உட்காரும். கொஞ்சம் சாய்ந்தாலும் பாதி இறகு புகையாகிவிடும். இந்த நீலப் பூச்சிகளுக்கு இணையாகப் பிடிப்பதென்றால் மண்ணில் படுத்தே ஆக வேண்டும். முழங்கை சிராய்க்கும், நெருஞ்சி முள் குத்தும். வேறு வழியில்லை, அவை வாழும் உயரம் அது.

கைபேசி மட்டும் வைத்திருப்பவர்கள் மனம் தளர வேண்டாம். லென்ஸின் மேல் மாட்டும் சிறிய கிளிப் லென்ஸ் போட்டு, பூச்சிக்குச் சில சென்டிமீட்டர் அருகே பொறுமையாகப் போனால், இந்தப் புள்ளிகள் தெளிவாக விழும். கைபேசியின் உணரி சிறியது என்பதால் துல்லிய ஆழம் அதில் கூடுதலாகவே கிடைக்கும். வெளிச்சந்தான் குறையாக இருக்கும். அதனால் காலை வெயில் ஏறத் தொடங்கும் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். இரவுக் குளிரில் உடல் சூடு இறங்கிய பூச்சி, வெயில் பட்டுச் சூடேறும்வரை இறகை விரித்தும் மூடியும் ஓரிடத்திலேயே இருக்கும். அந்த அரை மணி நேரத்தில் மேற்புறமும் அடிப்புறமும் இரண்டுமே கிடைக்கும்.

வண்ணத்துப்பூச்சியை விட்டு வேறு பக்கம் போவோம். துளசிப் பூவில் மஞ்சளும் கறுப்பும் வரிவரியாக ஒன்று அந்தரத்தில் நிற்கிறது. தேனீ என்று படத்துக்குக் கீழே எழுதிவிடுகிறோம். அது பெரும்பாலும் சிர்ஃபிட் என்ற ஈ. தேனீயின் வேடமிட்ட ஈக்கள் ஒரு பெரிய குடும்பம். வேடத்தைக் கலைக்க மூன்று இடங்களைப் பாருங்கள். தேனீக்கு நான்கு இறகு, ஈக்கு இரண்டே. ஈயின் பின்னிறகு தேய்ந்து, நுனியில் உருண்டையுள்ள சிறு காம்பாகிவிட்டது. பறக்கும்போது நிலை தடுமாறாமல் அதைக் காப்பது அந்தக் காம்புதான். தேனீயின் உணர்கொம்பு நீண்டு மடங்கியிருக்கும். ஈயினுடையது கண்களுக்கு நடுவே குட்டையாக ஒட்டிக்கொண்டிருக்கும். ஈயின் கூட்டுக்கண்கள் தலையை முழுக்க அடைத்திருக்கும், அதிலும் ஆண் ஈயின் கண்கள் பெரும்பாலும் உச்சியில் ஒன்றோடொன்று தொட்டுக்கொள்ளும். ஆகவே இந்தக் கூட்டத்துக்கு முகம்தான் முக்கியமான படம். எதிரே போய், தலைக்கு நேராக ஒன்று எடுங்கள். இறகு நரம்பு தெரிகிற மாதிரி மேலிருந்து இன்னொன்று. சிர்ஃபிட் ஈக்களின் இறகு நடுவே, வேறு எந்த நரம்போடும் சேராமல் தனியே ஓடும் ஒரு பொய் நரம்பு உண்டு. அது படத்தில் விழுந்துவிட்டால் குடும்பம் உறுதி.

உணர்கொம்பைப் பற்றிச் சொன்னேன். பூச்சிப் படங்களில் அதிகம் வெட்டுப்படுவதும் அதுதான். உடம்பை நடுவில் வைத்து நெருங்குகிற ஆர்வத்தில் கொம்பு நுனி சட்டத்துக்கு வெளியே போய்விடுகிறது. மணலில் புனல் மாதிரிக் குழி தோண்டிக் காத்திருக்கும் குழியானையை எடுத்து விளையாடாத கிராமத்துப் பிள்ளை இருக்க முடியாது. அந்தக் குழியானை வளர்ந்து என்ன ஆகிறது என்று கேட்டால் பலருக்கும் தெரியாது. மெல்லிய நீண்ட உடலும் வலைப்பின்னல் இறகுமாக, மாலையில் விளக்கைத் தேடி வரும். பார்த்தவர் தட்டான் என்றே சொல்வார். கொம்பு ஒன்றுதான் அதைக் காட்டிக்கொடுக்கும். தட்டானின் உணர்கொம்பு மயிரிழை போலக் கண்ணுக்கே தெரியாத அளவு சிறியது. வளர்ந்த குழியானைக்குத் தெளிவாகத் தெரிகிற, நுனி தடித்த கொம்பு உண்டு.

உளுந்து, தட்டைப்பயறு வயலுக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்று. காய்களின் மேல் கட்டெறும்பு போல ஓடும் சில பூச்சிகள் எறும்பே அல்ல. ரிப்டார்டஸ் என்ற நாவாய்ப்பூச்சியின் குஞ்சுகள். நெல்லில் பாலுறிஞ்சும் கதிர்நாவாய்ப்பூச்சிக்கு உறவு. எறும்பின் கொம்பு முழங்கை போல மடங்கும், மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே இடுப்பில் ஒரு முடிச்சு இருக்கும். இந்தக் குஞ்சுக்கு அந்த முடிச்சு கிடையாது. தலைக்கு அடியில் காயைக் குத்தி உறிஞ்சும் ஊசி வாய் மடிந்து கிடக்கும். பக்கவாட்டுப் படம் ஒன்று போதும். எறும்பென்று விட்டுவிட்டால் சில நாளில் அவை இறகு முளைத்துக் காயைச் சப்பையாக்கிவிடும்.

கத்தரி இலையில் இருக்கும் பொறிவண்டையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அசுவினியைத் தின்று நமக்கு உதவுகிற பொறிவண்டுகள் பெரும்பாலும் பளபளப்பானவை. இலையைச் சுரண்டித் தின்னும் எபிலக்னா வண்டின் முதுகில் பொடி மயிர் படர்ந்து மங்கலாக இருக்கும்; புள்ளிகளும் நிறைய. நேர் எதிரே ஃப்ளாஷ் அடித்தால் இந்த வேறுபாடு தெரியாது. பக்கத்திலிருந்து வெளிச்சம் வரட்டும், மயிர் எழுந்து தெரியும். ஃப்ளாஷ் தேவைப்படும் இடத்தில் அதன் முன்னே ஒரு வெள்ளைத் தாளையோ மெல்லிய பிளாஸ்டிக்கையோ வைத்து ஒளியைப் பரப்பிவிடுங்கள். வண்டின் ஓட்டில் வெள்ளைப் பொட்டாக ஒளி விழுந்தால், அது எந்தப் புள்ளியை மறைத்தது என்று பின்னால் சொல்ல முடியாது.

பூச்சியைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து மரத்துப் போகச் செய்து, பிறகு பூவில் உட்காரவைத்து எடுப்பவர்கள் இருக்கிறார்கள். பசை தடவி ஒட்டுவதும் நடக்கிறது. இதை நான் வன்மையாக மறுக்கிறேன். உயிரை வதைப்பது முதல் காரணம். அப்படி எடுத்த படம் பொய்ச் சாட்சி என்பது இரண்டாவது. எந்தச் செடியில், எந்த நிலையில், என்ன செய்துகொண்டிருந்தது என்பதெல்லாம் பெயரைக் கண்டுபிடிக்க உதவும் தகவல்கள். செடியை மாற்றிவிட்டால் அந்தத் தகவல் அத்தனையும் கெட்டுவிடுகிறது. இலையைத் திருப்பிப் பார்த்தால் திரும்பவும் பழையபடி விடுங்கள். அடியில் முட்டை இருக்கலாம். இரவில் வெள்ளைத் துணி கட்டி விளக்கு வைத்து அந்துப்பூச்சிகளைப் பார்ப்பவர்கள், வேலை முடிந்ததும் விளக்கை அணைத்து, துணியில் தங்கியவற்றைப் புதரில் உதறி விடுங்கள். விடியும்வரை விட்டுவைத்தால் அவை காலையில் பறவைக்கு விருந்தாகிவிடும். இந்தியாவில் வண்ணத்துப்பூச்சிகள் 1,300 இனத்துக்கு மேல். அந்துப்பூச்சிகள் 10,000-க்கும் மேல். நம் கவனமோ இதற்கு நேர்மாறாகப் பங்கிடப்பட்டிருக்கிறது. புதிதாகத் தொடங்குபவர்கள் அந்துப்பூச்சியிலிருந்து தொடங்கினால் நான் மகிழ்வேன்.

செடியின் பெயரையும் ஊரின் பெயரையும் தேதியையும் படத்தோடு சேர்த்து வையுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் ஒன்று உண்டு. தரங்கம்பாடி டேனியர் கையில் இருந்த காலத்தில், லின்னேயஸின் மாணவரான யோஹான் கெர்ஹார்ட் கோனிக் 1768-இல் அங்கே வந்து சேர்ந்தார். அவரும் அவரை ஒத்தவர்களும் சோழமண்டலக் கரையின் பூச்சிகளைச் சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். லின்னேயஸின் இன்னொரு மாணவரான ஃபப்ரீசியஸ் அவற்றைப் பார்த்துப் பெயரிட்டார். நம் தோட்டங்களில் பறக்கும் பல பூச்சிகளின் அறிவியல் பெயருக்குப் பக்கத்தில் இன்றும் அவர் பெயர் இருக்கிறது. ஆனால் அவர் கைக்குப் போனவை ஊசியில் குத்திய, நிறம் மங்கிய உடல்கள். தட்டானின் கண் நிறம் செத்த சில மணி நேரத்திலேயே மாறத் தொடங்கும். ஒரு பூச்சி எந்தச் செடியில் முட்டையிட்டது, எந்த மாதம் வந்தது என்பதை ஊசி சொல்லாது. அந்த இடத்தை இன்றைக்கு ஒரு நல்ல படமும் அதன் குறிப்பும் நிரப்ப முடியும்.

1798-இல் ஃபப்ரீசியஸ் பெயரிட்ட பண்டாலா ஃப்ளாவெசென்ஸ் என்ற மஞ்சள் தட்டானையே எடுத்துக்கொள்ளுங்கள். மழை நாட்களில் வயலுக்கும் விளையாட்டுத் திடலுக்கும் மேலே கூட்டம் கூட்டமாகச் சுற்றுவது அதுதான். தேங்கிய மழைத் தண்ணீரில் முட்டையிட்டு, அது வற்றுவதற்குள் வளர்ந்து பறந்துவிடும். மாலத்தீவில் வாழ்ந்த சார்லஸ் ஆண்டர்சன் என்ற கடல் உயிரியலாளர், நன்னீர் நிலைகள் அநேகமாக இல்லாத அந்தத் தீவுகளுக்கு ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் வாக்கில் இந்தத் தட்டான்கள் ஏராளமாக வந்திறங்குவதைக் கவனித்தார். வந்த நாட்களை ஆண்டுக்கணக்கில் எழுதிவைத்து, காற்றின் திசையோடு ஒப்பிட்டு, இவை இந்தியாவிலிருந்து கடலைத் தாண்டிக் கிழக்கு ஆப்பிரிக்கா நோக்கிப் போகின்றன என்ற கருத்தை 2009-இல் வெளியிட்டார். அவருடைய ஆய்வின் அடித்தளம் தேதிகள்தான். உங்கள் காமிராவின் கடிகாரம் சரியான நாளைக் காட்டுகிறதா என்று இன்று வீட்டுக்குப் போனதும் பாருங்கள்.

படத்தால் முடியாதது எது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலான சிறு ஈக்களையும் குளவிகளையும் வண்டுகளையும் படத்தை மட்டும் பார்த்து இனம் வரை சொல்லவே முடியாது. நுண்ணோக்கியில் அவற்றின் இனப்பெருக்க உறுப்பைப் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும். அப்படிப்பட்ட இடத்தில் பேரினத்தோடு நில்லுங்கள். அதுவும் உறுதியில்லையா, குடும்பத்தோடு நில்லுங்கள். எந்தப் படியில் கண்ணுக்கு ஆதாரம் தீர்கிறதோ அந்தப் படியில் நிற்பவரை நான் மிகவும் மதிக்கிறேன். கைபேசிச் செயலிகள் படத்தைப் பார்த்துப் பெயரைப் பரிந்துரைக்கின்றன. நல்ல உதவிதான், நானும் பயன்படுத்துகிறேன். 2008-இல் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்களின் முதுகலைத் திட்டமாகத் தொடங்கிய ஐநேச்சுரலிஸ்ட் என்ற தளம் இன்று உலகம் முழுவதுமிருந்து பதிவுகளைச் சேர்க்கிறது. ஆனால் செயலி ஓர் இனத்தைச் சொன்னால், அந்த இனம் நம் நாட்டில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அமெரிக்காவில் மட்டும் வாழும் உறவினரின் பெயரை அது எளிதாகச் சொல்லிவிடும். அடுத்ததாக, அந்த இனத்தின் அடையாளம் உங்கள் படத்தில் எங்கே தெரிகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடிகிறதா பாருங்கள். முடியாவிட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள். இன்னொருவர் பதிவுக்கு ஆமாம் சொல்லும்போதும் இதே விதி.

2011-இல் மலேசியாவின் சிலாங்கூர் காட்டில் ஓர் ஒளிப்படக்காரர் பச்சை நிறக் கண்ணாடி இறகுப் பூச்சி ஒன்றைப் படமெடுத்துப் பலரும் பார்க்கும்படி வெளியிட்டார். கலிஃபோர்னியாவில் இருந்த பூச்சியியலாளர் ஷான் விண்டர்டன் தற்செயலாக அதைப் பார்த்தார். இறகின் அடியில் இருந்த கறுப்பு வலையும் நீலப் பொட்டுகளும் அவருக்குத் தெரிந்த எந்த இனத்தோடும் ஒத்துப்போகவில்லை. ஆனாலும் படத்தை மட்டும் வைத்து அவர் பெயரிடவில்லை. சில காலம் கழித்து அதே ஒளிப்படக்காரர் அந்தப் பூச்சியை மறுபடி கண்டு பிடித்து, லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருந்த ஸ்டீவ் புரூக்ஸுக்கு அனுப்பினார். அங்கே பெயரில்லாமல் கிடந்த பழைய உடல் ஒன்றும் இதே இனம் என்று தெரியவந்தது. 2012-இல் மூவரும் சேர்ந்து செமாக்ரைசா ஜேட் என்று பெயரிட்டு அறிவித்தார்கள். அந்தப் படத்தில் இறகின் அடிப்பகுதி தெளிவாக விழுந்திருந்தது. அதனால்தான் இத்தனையும் நடந்தது.

2015-இல் இன்னொன்று நடந்தது. தென்னாப்பிரிக்காவில் தச்சுத் தேனீயைப் போல வேடமிட்ட ஓர் ஈயை ஸ்டீஃபன் மார்ஷலும் நீல் எவன்ஹ்யூஸும் உடல் எதையும் கையில் வைத்துக்கொள்ளாமல், படங்களை மட்டும் ஆதாரமாகக் காட்டிப் புதிய இனமாக அறிவித்தார்கள். உலகமெங்கும் வகைப்பாட்டியலாளர்கள் கொதித்துப் போனார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் கையெழுத்திட்டு எதிர்த்தார்கள். நான் எதிர்ப்பவர்கள் பக்கம். படத்தில் இல்லாத கோணத்தை நாளை இன்னொருவர் கேட்டால் யாரிடம் போய்ப் பார்ப்பது? உடல் இருந்தால் நூறாண்டு கழித்தும் திருப்பிப் பார்க்கலாம்.

பெயரில் இத்தனை கறார் எதற்கு என்று விவசாய நண்பர்கள் நினைக்கலாம். அவர்களுக்காகத்தான் இந்தக் கடைசிப் பகுதியை வைத்திருந்தேன். 1970-களின் தொடக்கத்தில் ஆப்பிரிக்காவின் காங்கோ பகுதியில் மரவள்ளியை ஒரு மாவுப்பூச்சி தாக்கியது. கொழுந்து சுருண்டு கொத்தாகும், செடி வளராது. சில ஆண்டுகளில் நாடு நாடாகப் பரவியது. மரவள்ளியை நம்பி வாழ்ந்த கோடிக்கணக்கான மக்களின் சோற்றில் கை வைத்தது. 1977-இல் அதற்கு ஃபெனகாக்கஸ் மணிஹோட்டி என்று பெயரிட்டார்கள். மரவள்ளி தென்னமெரிக்கப் பயிர், ஆகவே பூச்சியும் அதன் எதிரியும் அங்கேதான் இருக்க வேண்டும் என்று தேடினார்கள். அந்தக் கண்டத்தின் வட பகுதியில் அதே மாதிரி மாவுப்பூச்சி கிடைத்தது, அதன் உடம்புக்குள் முட்டையிடும் குளவிகளும் கிடைத்தன. கொண்டுவந்து விட்டுப் பார்த்தால் ஆப்பிரிக்க மாவுப்பூச்சியில் அந்தக் குளவிகள் பெருகவே இல்லை. காரணம் பின்னால் தெரிந்தது: அந்த வட பகுதியில் பிடித்தது வேறு இனம். அது மஞ்சள் நிறம், ஆணும் பெண்ணும் உண்டு. ஆப்பிரிக்காவில் இருந்ததோ இளஞ்சிவப்பு, ஆணில்லாமலே பெருகுவது. வெள்ளை மெழுகுக்கு அடியில் இருந்த நிறத்தைக் கவனித்துப் பிரிக்கும்வரை வேலை ஓர் அடி நகரவில்லை. 1981-இல் அந்தோணி பெல்லோட்டி பராகுவேயில் உண்மையான இனத்தைக் கண்டார். அதோடு கூடவே அனகைரஸ் லோபேசி என்ற சின்னஞ்சிறு குளவியும் கிடைத்தது. நைஜீரியாவின் இபாதான் ஆராய்ச்சி நிலையத்தில் ஹான்ஸ் ஹெர்ரன் தலைமையில் அதை வளர்த்து ஆப்பிரிக்கா முழுவதும் விட்டார்கள். மாவுப்பூச்சி அடங்கியது. ஹெர்ரனுக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

நம் ஊருக்கு வருவோம். 2008-இல் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி தலைகாட்டியது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று கண்டதையெல்லாம் வெள்ளையாக்கியது. மருந்தடித்து மாளவில்லை. அது மெக்சிகோவிலிருந்து வந்த இனம் என்று சரியாக அடையாளம் கண்ட பிறகு, அதற்கே உரிய அசெரோஃபேகஸ் பப்பாயே என்ற குளவியை 2010-இல் போர்ட்டோ ரீக்கோவிலிருந்து வரவழைத்து வயல்களில் விட்டார்கள். அது அடங்கியதைப் பார்த்தவர்கள் இந்த அரங்கிலேயே இருப்பீர்கள். 2020-இல் இரண்டாவது அடி. ஆப்பிரிக்காவை வாட்டிய அதே மணிஹோட்டி கேரளத்தில் திருச்சூரில் கண்டறியப்பட்டது. விரைவில் சேலம், நாமக்கல் மரவள்ளிக்கும் வந்துவிட்டது. பெனினிலிருந்து அனகைரஸ் லோபேசியைத் தருவித்து, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிட்டார்கள்.

இப்போது ஒரே மரவள்ளித் தோட்டத்தில் இரண்டு மாவுப்பூச்சியும் இருக்க முடியும். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் வெள்ளைப் பஞ்சு. ஒன்றின் குளவி மற்றதைத் தொடாது. பப்பாளி மாவுப்பூச்சியின் உடம்பு மஞ்சள். மணிஹோட்டி இளஞ்சிவப்பு. முடிவான தீர்ப்பு ஆய்வகத்து நுண்ணோக்கியில்தான் என்றாலும், எந்தத் தோட்டத்துக்கு முதலில் ஓட வேண்டும் என்பதை ஒரு நல்ல படம் சொல்லிவிடும்.

ஆகவே கொழுந்து கொத்தாகச் சுருண்டிருப்பதைப் பார்த்தால் இப்படிச் செய்யுங்கள். செடி முழுவதும் தெரிய ஒன்று, சுருண்ட கொழுந்தை நெருங்கி ஒன்று, இலையின் அடிப்புறத்தைத் திருப்பி ஒன்று. பிறகு ஒரு மெல்லிய தூரிகையால் ஒரே ஒரு பூச்சியின் மேலுள்ள மெழுகை ஒதுக்கி, உடம்பின் நிறம் தெரிய, நிழலில், ஃப்ளாஷ் இல்லாமல், பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து ஒன்று எடுங்கள். தாள் வெள்ளையாகத் தெரிந்தால் பூச்சியின் நிறமும் நம்பத்தக்கது. செயலி கொடுக்கும் வண்ண மெருகு எதையும் போடாதீர்கள். ஊர், தேதி, மரவள்ளி ரகம் ஆகியவற்றை எழுதி, பக்கத்து வேளாண் அறிவியல் நிலையத்துக்கு அன்றே அனுப்புங்கள். அதே கொழுந்தை ஒரு பையில் இறுகக் கட்டி வைத்திருங்கள், அவர்கள் வந்து கேட்பார்கள்.